யார் கணக்கில் ஓர் இடம்

1850-இல் யேல் கல்லூரியில் சேர யுங் விங்குக்குத் தகுதி இருந்தது, பணம் இல்லை. மக்காவ் அருகே ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்று, 1847-இல் தன் ஆசிரியர் சாமுவேல் ராபின்ஸ் பிரவுனோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர் அவர். மாசசூசெட்ஸில் அவர் படித்த மான்சன் அகாடமியின் அறங்காவலர்களிடம் ஏழை மாணவர்களுக்கென்று ஒரு நிதி இருந்தது. கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். படிப்பு முடிந்ததும் மதப் பணியாளராகச் சீனா திரும்புவேன் என்று அவர் எழுதிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். யுங் விங் மறுத்துவிட்டார். தன் நாட்டுக்கு எந்த வழியில் பயன்படுவது என்பதை முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு முடித்துவிட முடியாது என்பது அவர் வாதம். கடைசியில் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரின் மகளிர் சங்கம் ஒன்று உதவ முன்வந்தது. மீதிச் செலவுக்கு, சக மாணவர்கள் கூடிச் சாப்பிடும் மெஸ்ஸின் பொறுப்பை ஏற்றும், ஒரு மாணவர் மன்றத்தின் நூலகத்தைக் கவனித்தும் வழி செய்துகொண்டார். கணிதத்தில் தடுமாறி, ஆங்கிலக் கட்டுரையில் பரிசு வாங்கி, 1854-இல் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் சீனர் அவரே. அந்தக் கல்லூரியின் பெயருக்குப் பின்னால் இருப்பதும் சென்னைப் பணம்தான் என்பது நம் வாசகர்களுக்கு ஒரு கிளைச்செய்தி. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து பெரும் செல்வம் சேர்த்த எலிஹு யேல் 1718-இல் ஒன்பது மூட்டைச் சரக்கை அன்பளிப்பாக அனுப்பினார். அது சுமார் 562 பவுனுக்கு விலைபோனது. கனெக்டிகட்டின் அந்தச் சிறு கல்லூரி நன்றிக்கடனாக அவர் பெயரைச் சூடிக்கொண்டது.

யுங் விங்கின் அறிவை மான்சனில் யாரும் சந்தேகிக்கவில்லை. அங்கே கேட்கப்பட்ட கேள்வி வேறு: இவனுக்காக யார் பணம் கட்டுவது, கட்டுபவருக்குப் பதிலாக என்ன கிடைக்கும்? அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் இடையிலான உறவை அன்று முதல் இன்றுவரை தீர்மானித்து வந்திருப்பது இந்தக் கேள்விதான் என்பது என் துணிபு. இன்று இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் சதவீதத்தில்தான் பேசுகிறார்கள். ஹார்வர்டில் நூற்றுக்கு நாலு பேருக்கு இடம், எம்.ஐ.டி.யில் வெளிநாட்டவருக்கு நூற்றுக்கு இரண்டு என்று ஏதோ மழை வாய்ப்பைச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை சொல்வது மிகக் குறைவு. ஒரு வெளிநாட்டு மாணவரின் விண்ணப்பத்தை ஒருவர் கையில் எடுக்கும் முன்பே, அவரைப் போன்றவர்களுக்கு எத்தனை இடம் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதை முடிவுசெய்வது அவருடைய மதிப்பெண் அல்ல. பணம் எங்கிருந்து வருகிறது, அதைத் தருபவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பவையே. காலத்துக்குக் காலம் மாறியது பணம் தருபவர்தான், ஏற்பாடு மாறவில்லை.

முதலில் பணம் தந்தவை திருச்சபைகள். 1870-இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்ற ஜப்பானியர் நீஷிமா ஜோ, பாஸ்டனின் ஒரு பக்திமிக்க கப்பல் முதலாளியின் ஆதரவில் படித்தவர். ஊர் திரும்பிக் கியோட்டோவில் தோஷிஷாவை நிறுவினார். போட்ட முதல் வீணாகவில்லை என்று அவருக்குக் கொடுத்தவர்கள் நினைத்திருப்பார்கள். அடுத்து அரசாங்கங்கள் வந்தன. யுங் விங் ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் அலைந்து குயிங் அரசை ஒப்புக்கொள்ள வைத்த திட்டத்தின்படி, 1872 முதல் ஆண்டுக்கு 30 பேராக 120 சிறுவர்கள் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட் வட்டாரத்துக்கு வந்தார்கள். அமெரிக்கக் குடும்பங்களில் தங்கி 15 ஆண்டு படித்து, படைக்கலமும் கப்பலும் ரயிலும் கற்றுத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பையன்கள் ஆங்கிலம் கற்றார்கள், பேஸ்பால் ஆடினார்கள், சிலர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் போனார்கள். பீக்கிங்கில் இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியிலும் அனாபோலிஸ் கடற்படைக் கல்லூரியிலும் சீன மாணவர்களைச் சேர்க்க முடியாது என்று அமெரிக்க அரசு கைவிரித்ததும், பணம் போட்டவர்களுக்குத் திட்டத்தின் முக்கியமான பயனே போய்விட்டது. 1881-இல் அத்தனை பேரையும் திருப்பி அழைத்துவிட்டார்கள். யேலில் படித்துக்கொண்டிருந்தவர்களை அந்தக் கல்லூரி வெளியேற்றவில்லை. அவர்களுடைய படிப்பிலும் குறை இல்லை. அந்த ஆண்டே யேலில் பொறியியல் முடித்திருந்த ஜான் தியன்யூ பிற்காலத்தில் பீக்கிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டார். அதை வெளிநாட்டு இன்ஜினியர்கள் இல்லாமலே முடித்தவர். மற்றவர்களில் பெரும்பாலோர் பட்டம் வாங்காமலே கப்பலேறினார்கள்.

இதே கதையின் எதிர்ப்பக்கம் 1908-இல் தொடங்குகிறது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் துலக்கமாகப் படுவது இந்தப் பகுதிதான். வெளிநாட்டவரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கலகத்துக்காகச் சீனாவிடமிருந்து அமெரிக்கா வாங்கிய இழப்பீட்டுத் தொகை உண்மையான இழப்பைவிட மிக அதிகம். உபரியைத் திருப்பிக் கொடுக்கத் தியோடர் ரூஸ்வெல்ட்டின் அரசு முடிவுசெய்தபோது, அது சீன மாணவர்களை அமெரிக்காவில் படிக்கவைக்கச் செலவிடப்பட வேண்டும் என்ற ஏற்பாடும் உடன் வந்தது. இதற்கு இரண்டு ஆண்டு முன்பே இல்லினாய் பல்கலைக்கழகத் தலைவர் எட்மண்ட் ஜேம்ஸ் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதியிருந்தார். இந்தத் தலைமுறைச் சீன இளைஞர்களைப் படிக்கவைக்கும் நாடு எதுவோ, அந்த நாட்டுக்கே சீனாவின் சிந்தனையிலும் வணிகத்திலும் செல்வாக்கு கிடைக்கும், போட்ட பணம் பல மடங்காகத் திரும்பும் என்பது அதன் சாரம். இவ்வளவு பச்சையாக வேறு யாரும் எழுதவில்லை. 1909-இல் பீக்கிங்கில் நடந்த முதல் தேர்வுக்கு 600-க்கும் மேற்பட்டோர் வந்து உட்கார்ந்தார்கள். தேறியவர்கள் 47 பேர். அடுத்த ஆண்டு 70 பேர். அந்த எழுபதில் 55-ஆவது இடம் பிடித்த ஹூ ஷி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கப் போய்த் தத்துவத்துக்கு மாறி, ஊர் திரும்பிச் சீன இலக்கியத்தைப் பேச்சுமொழிக்குத் திருப்பிய இயக்கத்தின் முன்னோடியானார். யாருக்கு என்ன படிப்பு என்பதிலும் பணம் போட்டவர்களின் விருப்பம் இருந்தது: ஐந்தில் நான்கு பங்கு மாணவர்கள் விவசாயம், சுரங்கம், இயந்திரவியல் போன்ற தொழிற்கல்வி படிக்க வேண்டும். கவனிக்க வேண்டியது, போட்டி எங்கே நடந்தது என்பதை. பீக்கிங் தேர்வு மண்டபத்தில்தான் வடிகட்டினார்கள். அதைத் தாண்டியவருக்குக் கார்னெலின் கதவு ஏறக்குறையத் திறந்தே இருந்தது. ஒரு சீன இளைஞனின் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று அன்று யாராவது கணக்கிட்டிருந்தால், அது சீன அரசின் தேர்வைப் பற்றிய எண்ணாக இருந்திருக்குமே தவிர அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைப் பற்றியதாக இருந்திருக்காது.

இந்தியாவிலிருந்து போனவர்களின் கதையும் இதையே சொல்கிறது, சிறிய அளவில். 1913-இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. படிப்பு முடிந்ததும் பத்து ஆண்டு பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத்தான் கப்பலேறினார். அங்கே அவருக்குப் பொருளாதாரம் கற்பித்த எட்வின் செலிக்மனிடமே பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் பொதுநிதி படித்தார். அவர் லண்டனில் பயிற்சி பெற்ற தணிக்கையாளர், தன் சம்பாத்தியம் உள்ளவர். யாருக்கும் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பிரிட்டிஷ் வரி எப்படி இந்தியாவை வறுமையில் தள்ளியது என்று அங்கே ஆராய்ந்து எழுதி, அதைக் காந்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். தன் காசில் போனவருக்கு இருந்த சுதந்திரத்துக்கு இது நல்ல சான்று. ஆனால் தன் காசில் போகக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்?

வெளிநாட்டவர் இப்படி யாரோ ஒருவர் கணக்கில் வந்துகொண்டிருந்த காலத்தில், உள்ளூரில் வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஹார்வர்ட் போன்ற கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு உண்டு; தேறினால் இடம் உண்டு. இத்தனை பேர்தான் என்ற வரம்பு இல்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் அந்தத் தேர்வில் தேறித் தேறி வந்துகொண்டே இருந்தார்கள். 1922 வாக்கில் ஹார்வர்டின் முதலாண்டு வகுப்பில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் யூதர். கல்லூரித் தலைவர் அபட் லாரன்ஸ் லோவல் 15 சதவீதம் என வெளிப்படையாக வரம்பு வைக்கப் பார்த்தார். ஊரே எதிர்த்தது, ஆசிரியர் குழுவும் ஏற்கவில்லை. பிறகு அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்தார்கள். விண்ணப்பத்தில் இனம், நிறம், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், தந்தை பிறந்த ஊர் எல்லாம் கேட்டார்கள். விண்ணப்பிப்பவரோ அவர் தந்தையோ பிறந்த பின் பெயரை மாற்றியதுண்டா, இருந்தால் விளக்கு என்று ஒரு கேள்வியும் இருந்தது. முதலாண்டுக்கு 1,000 பேர் என வரம்பு வந்தது. 1926 வாக்கில் குணம், ஆளுமை, புகைப்படம், நேர்காணல் ஆகியவை மதிப்பெண்ணோடு சேர்ந்துகொண்டன. நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வர வேண்டும் என்ற கொள்கையும் அப்போது வலுப்பெற்றது. கேட்க அழகான கொள்கை. நியூயார்க்கின் யூதப் பையனுக்குப் பதில் நெப்ராஸ்காவின் பண்ணைக்காரர் மகனை எடுக்க அது கைகொடுத்தது என்பதுதான் அதன் பிறப்பு ரகசியம். சமூகவியலாளர் ஜெரோம் கராபெல் இந்த வரலாற்றை ஆவணங்களோடு ஒரு தடித்த புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

வெளிநாட்டு மாணவருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். எல்லாமே இதில்தான் இருக்கிறது. தேறியவருக்கெல்லாம் இடம் என்ற முறை போய், வகுப்பு என்பது பல பகுதிகளிலிருந்து அளவு பார்த்துச் சேர்த்து அமைக்க வேண்டிய ஒன்று என்ற எண்ணம் வந்தது அப்போதுதான். ஆசிய அமெரிக்க மாணவர்கள் சார்பில் ஹார்வர்ட் மீது போடப்பட்ட வழக்கில் வெளியான விவரங்களைப் பார்த்தால், இன்றும் அங்கே விண்ணப்பங்கள் நிலப்பகுதி வாரியாகப் பிரிக்கப்பட்டு, அந்தந்தப் பகுதிக்கான துணைக்குழுவால்தான் முதலில் வாசிக்கப்படுகின்றன. அந்த முறையில் வெளிநாடும் ஒரு பகுதி. இந்தியா அதற்குள் ஒரு துண்டு. பந்தியில் எத்தனை இலை என்பது விருந்தாளியின் பசியைப் பார்த்துப் போடப்படுவதில்லை. 1920-களில் வெளியாரைத் தள்ளிவைக்கச் செய்த அந்த ஏற்பாடு, பிற்பாடு வெளிநாட்டவரை உள்ளே விடவும் பயன்பட்டது என்பது வேடிக்கை. பல இடங்களிலிருந்து ஆள் வேண்டும் என்ற வாதத்தை நெப்ராஸ்காவுக்கு அப்பால் நைரோபிக்கும் நாகர்கோவிலுக்கும் நீட்டுவது எளிது. ஆனால் நீட்டும்போதே, ஒவ்வொரு இடத்திலிருந்தும் கொஞ்சம்தான் என்ற கட்டுப்பாடும் கூடவே நீள்கிறது.

சட்டமும் இதற்கு ஒத்துப்போனது. 1917-இன் குடியேற்றச் சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைசெய்யப்பட்ட பிரதேசமாக்கியது. 1924-இன் சட்டம் நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு வைத்தது. இரண்டுமே மாணவர்களுக்கு விலக்கு அளித்தன. 1919-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட சர்வதேசக் கல்வி நிறுவனம் அத்தகைய விலக்குக்காக வாதாடியது. மாணவன் திரும்பிப் போய்விடுவான் என்பதுதான் விலக்கின் அடிப்படை. இன்றும் விசா அதிகாரியின் முன் நிற்கும் மாணவர், தான் குடியேற வரவில்லை என்று நிரூபிக்கும்வரை குடியேற வந்தவராகவே கருதப்படுகிறார். 1952-இன் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பணம் தருபவர் மறுபடி மாறினார். இந்தமுறை அது அமெரிக்க அரசு. 1946-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகைத் திட்டம் வந்தது. 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும், ஆராய்ச்சிக்கென்று பல்கலைக்கழகங்களுக்குள் பணம் கொட்டியது. ஆய்வுக்கூடத்துக்கு ஆள் வேண்டும். ஒவ்வொரு பேராசிரியரின் திட்ட நிதியிலும் இரண்டு மூன்று மாணவர்களுக்குச் சம்பளம் உண்டு. அந்த இடத்தில்தான் ஐ.ஐ.டி.க்காரர்கள் நுழைந்தார்கள். சென்னையில் மாணவர்கள் ‘அட்மிட் வந்துச்சா’ என்று கேட்டதோடு நிறுத்தாமல் ‘ஃபண்டிங் உண்டா’ என்று கேட்பதன் பின்னால் இருப்பது இந்த வரலாறு. 2023–24-இல் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். சீனாவைத் தாண்டி இந்தியா முதலிடம் பிடித்த ஆண்டு அது. அவர்களில் முதுநிலையிலும் முனைவர் பட்டத்திலும் இருந்தவர்கள் ஏறக்குறைய 1,96,000 பேர். இளநிலையில் இருந்தவர்கள் சுமார் 36,000 பேர் மட்டுமே. எல்லாப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்த கணக்கு இது. முதுநிலையில் சொந்தக் காசில், கடனில் படிப்பவர்களும் ஏராளம் என்பதும் உண்மை. ஆகவே ஒரே நிறுவனத்துக்குள் பார்ப்போம். எம்.ஐ.டி.யின் இளநிலை மாணவர்களில் வெளிநாட்டவர் பத்தில் ஒருவர். ஆராய்ச்சியும் முதுநிலையும் படிப்பவர்களில் பத்தில் நான்கு பேர். அதே வளாகம், அதே பெயர், அதே கறார். பதினெட்டு வயதில் தகுதி குறைவாக இருந்த உலகம் இருபத்திரண்டு வயதில் திடீரென நான்கு மடங்கு புத்திசாலியாகிவிடுமா என்ன? மாறுவது பணப்பை. ஆராய்ச்சி மாணவருக்குப் பணம் திட்ட நிதியிலிருந்து வருகிறது, பதிலுக்கு அவர் உழைப்பைத் தருகிறார். இளநிலை மாணவருக்கு அப்படி யாரும் இல்லை. அமெரிக்க மாணவருக்குக் கிடைக்கும் பெல் என்ற அரசு உதவித்தொகையும் அரசுக் கடனும் வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. அவருடைய பெற்றோர் கட்ட வேண்டும், இல்லை கல்லூரி தன் கைக்காசைப் போட வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் எல்லாம் வெளிநாட்டு விண்ணப்பதாரரின் வசதியைப் பார்ப்பதே இல்லையே, சேர்த்துக்கொண்டால் தேவையான முழு உதவியும் தருகின்றனவே? ஆம், தருகின்றன, அது பெரிய விஷயம்தான். மதுரைப் பக்கத்து ஆசிரியர் வீட்டுப் பெண் ஒருத்தி யேலில் ஏறக்குறைய இலவசமாகப் படிக்க முடியும் என்பதைச் சிறுமைப்படுத்த எனக்கு எண்ணமில்லை. ஆனால் அந்தக் கொள்கை எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். யேல் தன் 300-ஆவது ஆண்டையொட்டி, 2001 வாக்கில்தான் அதை வெளிநாட்டவருக்கும் விரித்தது. பிரின்ஸ்டனும் அதே சமயத்தில். 1985-இல் ஒரு பில்லியன் டாலரைச் சற்றே தாண்டியிருந்த யேலின் நிலைநிதி, டேவிட் ஸ்வென்சனின் முதலீட்டுத் திறமையால் 2000-இல் 10 பில்லியனைத் தொட்டிருந்தது. கையில் பணம் வந்த பிறகு வந்த தாராளம் அது. பணம் சுருங்கியபோது தாராளமும் சுருங்கியதற்குச் சான்று உண்டு. 2008-இன் நிதி நெருக்கடிக்குப் பின், 2010-இல் வில்லியம்ஸ் கல்லூரி வெளிநாட்டவரின் வசதியை மறுபடி கணக்கில் எடுக்கத் தொடங்கியது. டார்ட்மத் 2015-இல் அதே வழியில் போனது. 2022-இல் பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் 4 கோடி டாலர் கொடுத்ததும் பழைய கொள்கைக்குத் திரும்பியது. ஏழு ஆண்டுகளுக்குள் அங்கே விண்ணப்பித்த வெளிநாட்டு மாணவர்களின் திறமை ஏறி இறங்கவில்லை. வசதியைப் பார்க்காத கல்லூரிகளிலும், பார்க்காமல் விடுவது தனி ஒருவரின் வசதியைத்தான். மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பதை அவை நன்றாகவே பார்க்கின்றன. எம்.ஐ.டி.யின் பத்தில் ஒன்று பல ஆண்டுகளாகப் பத்தில் ஒன்றாகவே நிற்பதற்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

2000-இல் ஷெல்பி டேவிஸ் என்ற முதலீட்டாளர் தொடங்கிய திட்டம் இன்னும் தெளிவான சான்று. உலகெங்கும் உள்ள ஐக்கிய உலகக் கல்லூரிகள் என்ற பள்ளிகளில் படிப்பை முடித்த மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அமெரிக்கக் கல்லூரிக்கு, அவர்களுக்கான உதவித்தொகையில் ஒரு பங்கை அவர் தருவார். பிரின்ஸ்டன், வெல்லெஸ்லி, மிடில்பரி, கோல்பி, காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக் ஆகிய ஐந்தோடு தொடங்கிய திட்டம் பின்னர் பல கல்லூரிகளுக்குப் பரவியது. ஆக, புனே அருகே உள்ள அந்த வகைப் பள்ளியில் படித்த மாணவர், தன் விண்ணப்பத்தோடு ஒரு புரவலரையும் கூடவே கொண்டுபோகிறார். அதே மதிப்பெண்ணோடு பக்கத்து ஊர் அரசுப் பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவர் தனியாகப் போகிறார். இருவருக்கும் ஒரே சதவீதத்தைச் சொல்லி என்ன பயன்? இடம் கிடைத்த பிறகு கல்லூரி அனுப்பும் ஐ-20 என்ற படிவத்தைப் பார்த்தால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே தாளில் தெரியும். ஓராண்டுக் கல்விக்கட்டணம், தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் கூட்டி ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் அதைக் கொடுப்பவர் யார் என்பதற்கு வரிகள்: மாணவரின் சொந்தப் பணம், கல்லூரி தரும் பணம், வேறு யாராவது தரும் பணம். இரண்டு பக்கமும் சரியாக வந்தால்தான் விசா வரிசையில் நிற்கவே முடியும். மான்சனின் அறங்காவலர்கள் வாயால் கேட்டதை இன்று அச்சடித்த படிவம் கேட்கிறது.

அப்படியானால் வாய்ப்பு முன்பைவிட வேகமாகக் குறைந்துவருவது ஏன், அது திறமைப் போட்டி கடுமையானதைத்தானே காட்டுகிறது என்பது இரண்டாவது மறுப்பு. 2020-இல் ஹார்வர்டுக்கு வந்த விண்ணப்பங்கள் 40,248. இடம் தரப்பட்டவர்கள் 1,980 பேர், அதாவது 4.9 சதவீதம். அடுத்த ஆண்டு விண்ணப்பங்கள் 57,435; இடம் தரப்பட்டவர்கள் 1,968 பேர்; 3.4 சதவீதம். இடங்களில் மாற்றம் ஒரே ஒரு டஜன்தான். நடந்தது, பெருந்தொற்றால் எஸ்.ஏ.டி. என்ற சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண் கட்டாயமில்லை என்றானது. அனுப்பிப் பார்ப்போமே என்று பதினேழாயிரம் பேர் கூடுதலாக அனுப்பினார்கள். 4.9 சதவீதமாக இருந்தபோது உள்ளே வந்திருக்கக்கூடிய ஒருவர் 3.4 ஆனதால் மட்டும் வெளியே தள்ளப்பட்டிருக்க மாட்டார். சதவீதம் என்பது கதவின் அகலத்தைச் சொல்வதில்லை. வெளியே நிற்பவர்களைத்தான் எண்ணிச் சொல்கிறது. இந்த எண்ணைச் சுருக்கிக் காட்டுவதில் கல்லூரிகளுக்கும் தரவரிசைப் பத்திரிகைகளுக்கும் ஆதாயம் உண்டு என்பதையும், நம் ஊர் சேர்க்கை ஆலோசகர்களின் கட்டணம் அந்த அச்சத்தில்தான் நிற்கிறது என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கலாம்.

திறமையே தேவையில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹூ ஷி பீக்கிங் தேர்வில் தேறாவிட்டால் கார்னெலைப் பார்த்திருக்க மாட்டார், இன்று எம்.ஐ.டி.யில் சேரும் வெளிநாட்டு மாணவர்களில் சர்வதேச ஒலிம்பியாட் பதக்கக்காரர்கள் உண்டு. திறமை வரிசையில் நிற்க வைக்கிறது. வரிசையில் எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதை அது தீர்மானிப்பதில்லை. தகுதியுள்ளவர்கள் இடங்களைவிடப் பல மடங்கு இருக்கும்போது, கடைசி முடிவைச் செய்வது தகுதியாக இருக்க வாய்ப்பே இல்லை. சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தர ஒரு நாட்டின் கல்லூரிக்கு உரிமை இல்லையா என்ற மூன்றாவது மறுப்பை நான் மறுக்கவே போவதில்லை. உண்டு. வரிச்சலுகை பெறும் நிறுவனங்கள் அவை. ஆனால் அந்த முன்னுரிமையும் உள்நாட்டுக்குள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவர் சகாக்களும் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே எஸ்.ஏ.டி. மதிப்பெண் பெற்றவர்களில், உச்சத்தில் உள்ள ஒரு சதவீதப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்தவரைப் போல் இரு மடங்குக்கும் மேல். முன்னாள் மாணவரின் பிள்ளை, விளையாட்டு வீரர் என்ற சலுகைகள் அதற்கு ஒரு பெரிய காரணம். யார் கணக்கில் வருகிறாய் என்ற கேள்வி அமெரிக்கருக்கும் உண்டு. அவரிடம் அதைக் கொஞ்சம் நாகரிகமாகக் கேட்கிறார்கள்.

2025-இல் இந்தக் கேள்வியை அமெரிக்க அரசே கையில் எடுத்தது. மே மாதம் ஹார்வர்ட் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியையே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ரத்துசெய்தது. அங்கே படிப்பவர்களில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் வெளிநாட்டவர். நீதிமன்றம் மறுநாளே தடை விதித்தது. அக்டோபரில் ஒன்பது பல்கலைக்கழகங்களுக்கு அரசு ஓர் உடன்படிக்கையை அனுப்பியது. அதில் கையெழுத்திட்டால் அரசு நிதியில் முன்னுரிமை. பதிலுக்குப் பல நிபந்தனைகள். அவற்றில் ஒன்று, இளநிலை மாணவர்களில் வெளிநாட்டவர் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒரே நாட்டவர் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது. லோவல் கேட்ட அதே 15 என்பது தற்செயல்தான். அதில் மர்மம் தேட வேண்டியதில்லை. முதலில் மறுத்தது எம்.ஐ.டி. ஆராய்ச்சி நிதி அறிவியல் தரத்தின் அடிப்படையில் மட்டுமே தரப்பட வேண்டும் என்பது அதன் தலைவர் சாலி கார்ன்ப்ளூத் தந்த முக்கியக் காரணம். வெளிநாட்டவர் வரம்பு அங்கே ஒரு சிக்கலே அல்ல. இளநிலையில் பத்தில் ஒருவரே வெளிநாட்டவர் என்பதால், அரசு கேட்ட வரம்புக்குக் கீழேதான் எம்.ஐ.டி. பல ஆண்டுகளாக இருந்துவந்திருக்கிறது. ஏற்கெனவே நடந்துவந்ததையே அரசு நிபந்தனையாகக் கேட்டது. அந்த நிபந்தனையை எழுதியவர்கள் முதுநிலை மாணவர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் எந்த வரம்பும் வைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டவர் மிக அதிகமாக இருப்பது அங்கேதான். ஆய்வுக்கூடங்கள் நின்றுபோனால் யாருக்கு நட்டம் என்பது வாஷிங்டனில் இருப்பவர்களுக்கும் தெரியும்.